பாம்பின் மணமும் வெயிலும்: எதை வெயிலில் வைப்பது, எதை வைக்கக் கூடாது

பாம்பு வளர்ப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வளர்ப்புப் பாம்பைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு எடுத்தால் அதன் வாசனை மாறியது போலத் தெரிகிறதே, வெயில் பாம்பின் இயல்பான மணத்தை மாற்றுமா? கூண்டில் வாடை வந்தால் பாம்பை வெயிலில் காட்டிச் சரிசெய்யலாமா?

இரண்டாவதற்கான பதில், கூடாது. முதலாவதற்கான பதில் சற்று நீளமானது. ஆரோக்கியமான பாம்பின் சொந்த மணம் மனித மூக்குக்கு எட்டுவதே அரிது. நாம் முகர்வது பெரும்பாலும் அதன் மேல் ஒட்டிய எச்சம், ஈரம், அடிவிரிப்பின் வாசனை, பயத்தில் அது பீய்ச்சிய மஸ்க் என்னும் நாற்றச் சுரப்பு ஆகியவற்றைத்தான். வெயில் வேலை செய்வதும் இவற்றின் மேல்தான். ஆகவே வெயிலில் காய வேண்டியவை கூண்டுச் சாமான்கள். பாம்புக்கு வெயில் கொடுப்பது வேறு நோக்கத்துக்காக. அதற்குத் தனி முறை உண்டு, கீழே சொல்கிறேன்.

பாம்புக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. பாலூட்டிகளுக்கு இருப்பது போல உடம்பெங்கும் எண்ணெய் கசியும் சுரப்பிகளும் இல்லை. தோலின் வெளிப்பகுதி கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் கடினமான புரதம்) அடுக்குகளால் ஆனது. அந்த அடுக்குகளுக்கு இடையே மெழுகுத் தன்மையுள்ள கொழுப்புகள் இருக்கின்றன. உடம்பின் நீர் தோல் வழியாக வற்றிப் போகாமல் காப்பது இவற்றின் முதல் வேலை. சில இனங்களில் இதே கொழுப்புகள் அடையாளச் சீட்டாகவும் பயன்படுகின்றன. கனடாவின் மானிடோபா பகுதியில் குளிர்கால உறக்கம் முடிந்து ஆயிரக்கணக்கில் வெளிவரும் கார்ட்டர் பாம்புகளில், ஆணை ஈர்ப்பது பெண்ணின் தோலில் உள்ள மெத்தில் கீட்டோன்கள் என்னும் நீண்ட சங்கிலிக் கொழுப்புப் பொருட்கள்தான் என்று 1989இல் கண்டறியப்பட்டது. ஒரு மூலக்கூறில் 30க்கும் மேற்பட்ட கார்பன் அணுக்கள் கூட இருக்கும். இவ்வளவு கனமான பொருள் காற்றில் பறக்காது. அதனால்தான் ஆண் பாம்பு தூரத்தில் நின்று மோப்பம் பிடிப்பதில்லை. பெண்ணின் முதுகை நாக்கால் தொட்டுத் தொட்டு, ஒட்டியதை மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டு சேர்த்து அறிகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பாம்புக்குப் பாம்பு பேசிக்கொள்ளும் மணம் நமக்குக் கேட்காத மொழி. 35 டிகிரி வெயில் சூட்டில் அது ஆவியாகி நம் மூக்குக்கு வந்துவிடப் போவதில்லை. வெயில் அதை வேறு வகையில் தொடலாம். இந்தக் கொழுப்புகளில் இரட்டைப் பிணைப்பு உள்ளவையும் இருக்கின்றன. இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு எதுவானாலும் ஒளியும் ஆக்சிஜனும் சேரும்போது மெல்லச் சிதையும் தன்மை கொண்டது. ஆனால் உயிருள்ள பாம்பில் கொழுப்பின் பெரும்பகுதி கெரட்டினுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சட்டை உரிக்கும்போதெல்லாம் மேலடுக்கே புதிதாகிவிடுகிறது. அரை மணி நேர வெயிலுக்கு அங்கே செய்ய அதிக வேலை இல்லை.

கெரட்டினும் கொழுப்பும் சேர்ந்த தோலின் வாசனையை மட்டும் தனியாக அறிய வேண்டுமானால் உரித்த சட்டையை எடுத்துப் பாருங்கள். உரித்த சில நிமிடங்களில் அது ஈரமாக, உள்பக்கம் வெளியே புரண்டு, விரலில் லேசாக ஒட்டும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஊறிய திரவத்தின் ஈரம் அது. அப்போது மெல்லிய, மூடிய அறையின் ஈர வாடை இருக்கும். அதை இரண்டாக வெட்டி ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயிலிலும் ஒரு மணி நேரம் காய விடுங்கள். இரண்டுமே காகிதம் போல மொரமொரப்பாகிக் கிட்டத்தட்ட மணமற்றுப் போகும். வேலை செய்தது உலர்தல்தான் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதே சட்டையை ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்து நாறும்.

அப்படியானால் வெயிலில் எடுத்துப் போன பாம்பு ஏன் திடீரென்று நாறுகிறது? பல வீடுகளில் காரணம் மஸ்க். பாம்பின் வால் தொடங்கும் இடத்தில், கழிவுத்துளைக்குப் பின்னால், ஒரு ஜோடி வாசனைச் சுரப்பிகள் உண்டு. ஆண், பெண் இரண்டுக்கும் இருக்கும். பயந்தால் அதைச் சுரந்து, கூடவே எச்சத்தையும் கலந்து, வாலைச் சுழற்றி உங்கள் கையெல்லாம் பூசிவிடும். கார்ட்டர் பாம்பின் சுரப்பில் அசிட்டிக், புரொப்பனோயிக், பியூட்டனோயிக் போன்ற சிறு கொழுப்பமிலங்களும் டிரைமெத்தில் அமீனும் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பியூட்டனோயிக் அமிலம் கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமானது, டிரைமெத்தில் அமீன் அழுகும் மீனின் கவிச்சிக்கு. கூட்டிப் பார்த்தால் ஏன் அப்படிக் குமட்டுகிறது என்பது விளங்கும். கார்ட்டர் பாம்பு, நீர்ப்பாம்பு வகைகள், கிங் ஸ்நேக் ஆகியவை இதைத் தாராளமாக விடும். கார்ன் ஸ்நேக் குட்டியாக இருக்கும்போது விடும், பழகிய பிறகு அபூர்வம். பால் பைத்தான் (ball python) மிரண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே தவிர மஸ்க் விடுவது குறைவு.

பாம்பின் பக்கம் நின்று யோசித்தால், மூடிய கூண்டிலிருந்து திறந்த வானத்தடியில் கொண்டு போய் நிறுத்துவது பெரிய மிரட்டல். மேலே பறவை நிழல், காற்று, புது அதிர்வுகள், கண் கூசும் வெளிச்சம். மஸ்க் வெளியே வந்துவிடும். வெயில் சூட்டில் அந்தச் சிறு அமிலங்கள் வேகமாக ஆவியாவதால் முதல் சில நிமிடம் நாற்றம் பலமாக வீசும், பிறகு குறையும். இதைத்தான் பலர் வெயிலில் பாம்பின் வாசனை மாறியதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மஸ்க் பட்ட பாம்பைக் கழுவ, 28 முதல் 30 டிகிரி சூட்டில் தண்ணீர் எடுத்து, பாம்பின் உடல் உயரத்தில் பாதிக்கு மேல் போகாத அளவு ஒரு தொட்டியில் ஊற்றி, 10 நிமிடம் ஊர விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரமான மென்துணியை வளைத்துப் பிடித்து அதன் நடுவே பாம்பைத் தலையிலிருந்து வால் நோக்கிப் போக விட்டால் தானே துடைத்துக்கொள்ளும். கழிவுத்துளையின் ஓரத்தை மட்டும் தனியாக ஒற்றி எடுங்கள். சோப்பு, ஷாம்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். மேலே சொன்ன கொழுப்புதான் நீரைத் தடுக்கும் வேலி. அதைக் கரைத்தால் தோல் வழியாக நீர் இழப்பு கூடும். உங்கள் கைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நல்லது, ஏனென்றால் மஸ்க்கில் எண்ணெய்ப் பசை உண்டு.

இனி கூண்டின் வாடை. பாம்பின் சிறுநீர் கெட்டியான யூரிக் அமிலமாக, வெள்ளை அல்லது இளமஞ்சள் சுண்ணக்கட்டி போல வரும். காய்ந்திருக்கும்வரை அதற்கு நாற்றம் அதிகமில்லை. ஈரமும் சூடும் கிடைத்தால் பாக்டீரியா அதைப் படிப்படியாக அலன்டாயின், யூரியா என உடைத்துக் கடைசியில் அமோனியாவாக்கும். மூக்கைக் குத்தும் அந்த நெடி வந்துவிட்டது என்றால் நம் அருவருப்பு ஒரு புறம் இருக்கட்டும், தரையோடு தரையாகக் கிடக்கும் பாம்பு நாள் முழுக்க அதையே சுவாசிக்கிறது. அமோனியா சுவாசப் பாதையின் உள்தோலை எரிச்சலூட்டி, தொற்றுக்கு வழி திறந்துவிடும்.

இந்த இடத்தில் வெயில் கெடுதலே செய்யும் ஒரு அமைப்பு உண்டு. ஜன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டி. ஜன்னல் கண்ணாடி, வெயிலின் புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யூவி-பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும், சூட்டை உள்ளே விடும். பகலில் அடிவிரிப்பு சூடேறி அதிலுள்ள ஈரம் ஆவியாகும். இரவில் கண்ணாடியில் படிந்து மூலைகளில் வழிந்து மறுபடி அடிவிரிப்புக்கே போகும். யூரேட் எனப்படும் அந்த வெள்ளைச் சிறுநீர்க் கட்டிகள் தினமும் நனைந்து சூடாகி நெடி கிளப்பும். கிருமியைக் கொல்லும் கதிர் வரவில்லை, கிருமி வளரும் சூடும் ஈரமும் மட்டும் வந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து, நேர் வெயில் பட்டால் மூடிய தொட்டிக்குள் சூடு சில நிமிடங்களிலேயே 40 டிகிரியைத் தாண்டக் கூடும். பாம்பால் வியர்த்துத் தணிந்துகொள்ள முடியாது. ஆகவே நாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள்.

திறந்த வெயில் மூன்று விதமாக வாடையைத் தொடுகிறது. சூடு, ஒட்டியிருக்கும் வாசனைப் பொருளை வேகமாகக் கிளப்பி விடுகிறது. அதனால் முதலில் நாற்றம் கூடி, பிறகு தீரும். உலர்தல், பாக்டீரியாவின் வேலையை நிறுத்துகிறது. மூன்றில் பெரியது இதுதான். புற ஊதாக் கதிர் பரப்பில் இருக்கும் கிருமிகளைக் கொல்கிறது, கரிமப் பொருட்களைச் சிதைக்கிறது. தரைக்கு வந்து சேரும் புற ஊதா ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை. அது எட்டுவது பரப்பு வரைதான். எச்சத்தின் ஒரு மெல்லிய படலம் இருந்தாலே அடியில் இருக்கும் கிருமி நிழலில் பத்திரமாக இருக்கும். கழுவாமல் வெயிலில் வைத்த பொருள் நாற்றம் போனது போலத் தெரிந்து, கூண்டில் ஈரம் பட்ட அன்றே திரும்ப நாறுவது இதனால்தான்.

வெயிலில் காய்ந்த துணிக்கு ஒரு தனி வாசம் உண்டு அல்லவா? ஈரத் துணியின் பரப்பில் ஒளி பட்டு உண்டாகும் சிறு அளவு ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும்தான் அது. வெயிலில் உலர்ந்த துணிப்பையில் பாம்பை வைத்து எடுத்தால் அந்த வாசம் பாம்பின் மேலும் ஒட்டும். பாம்பே மணமாகிவிட்டது என்று நினைக்க இதுவும் ஒரு காரணம்.

சாமான்களை வெயிலில் போடும் முறை இது. முதலில் பாம்பை, தாழ்ப்பாள் உள்ள வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். யூரேட் கறையைத் தண்ணீரில் ஊறவைத்து, கெட்டியாக இருந்தால் பாதிக்குப் பாதி வினிகரும் தண்ணீரும் கலந்து 10 நிமிடம் விட்டு, தேய்த்து எடுங்கள். முழுக்க அலசுங்கள். அதன் பிறகுதான் கிருமிநாசினி. வீட்டு ப்ளீச்சை ஒரு பங்குக்கு 10 முதல் 30 பங்கு தண்ணீர் சேர்த்து, பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட்டு, வாசனை தெரியாத அளவு அலசுங்கள். இந்த வரிசை முக்கியம். அமோனியா நெடியுள்ள கறையின் மேல் ப்ளீச் ஊற்றினால் குளோரமைன் வாயு வரும். வினிகர் இருக்கும்போது ஊற்றினால் குளோரின் வாயு வரும். இரண்டும் நுரையீரலை எரிக்கக் கூடியவை, மூடிய குளியலறையில் இன்னும் மோசம்.

அலசிய பொருளைத் தரையில் அடுக்கி வைக்காமல், காற்று அடியிலும் போகும்படி கம்பி வலையின் மேல் பரப்பி, நேர் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். பாதி நேரத்தில் திருப்பிப் போடுங்கள். எஞ்சிய ப்ளீச்சும் வெயிலில் சிதைந்து போகும் என்பது கூடுதல் நன்மை. பீங்கான் கிண்ணத்துக்கும் கல்லுக்கும் இது போதும். மரப்பட்டை, தக்கைப் பட்டை போன்றவை உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கும். அவற்றுக்கு இரண்டு மூன்று நாள் தேவை, இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். பட்டையை முகர்ந்து பார்ப்பதை விட இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து எடை குறைந்திருக்கிறதா என்று கவனிப்பது நம்பகமானது. பிளாஸ்டிக் பதுங்கிடங்களை ஒரு நாளுக்கு மேல் வெயிலில் மறந்துவிடாதீர்கள். புற ஊதா பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும், நுண்ணிய வெடிப்புகளில் எச்சம் புகுந்தால் பிறகு கழுவியும் வராது. கறைபட்ட அடிவிரிப்பை உலர்த்தி மறுபடி போடும் வேலையே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். புதிதாகப் போடுவது ஆஸ்பன் மரச் சீவலாகவோ தேங்காய் நாராகவோ இருக்கட்டும். நாற்றத்தை மறைக்கும் என்று தேவதாரு, பைன் சீவலைப் போடுபவர்கள் உண்டு. அந்த நறுமண எண்ணெய்கள் பாம்பின் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் கேடு. கல்லையும் பீங்கானையும் அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகே உள்ளே வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவிக் காய வைக்கவும் வேண்டாம். கூண்டு முழுக்கத் தன் மணம் அழிந்து போனால் பாம்பு சில நாள் அமைதியின்றி மூலை மூலையாக அலையும், சில பாம்புகள் இரையையே தொடாது. தன் மணம் பாம்புக்குப் பொருட்டல்ல என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், கிழக்கத்திய கார்ட்டர் பாம்புகளுக்குத் தங்கள் சொந்த மணம், அதில் ஆலிவ் எண்ணெய் கலந்தது, வேறு பாம்பின் மணம் என்று பலவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சொந்த மணத்தில் எண்ணெய் கலந்திருந்தபோது அவை நீண்ட நேரம் நாக்கை நீட்டி ஆராய்ந்தன. பால் பைத்தான்கள் அப்படி வேறுபாடு காட்டவில்லை. ஆகவே நோயோ உண்ணியோ இல்லாத கூண்டில், இரண்டு பதுங்கிடங்களில் ஒன்றை இந்த வாரமும் மற்றதை அடுத்த வாரமும் கழுவுங்கள். சுத்தமான பழைய அடிவிரிப்பு ஒரு பிடியைப் புதியதோடு கலந்து விடுங்கள்.

பாம்புக்கே வெயில் கொடுப்பது பற்றி. யூவி-பி பட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். கார்ன் ஸ்நேக்குகளில் யூவி-பி விளக்கு வைத்தபோது இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்ததாக ஆய்வு உண்டு. பால் பைத்தானில் செய்த ஓர் ஆய்வில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. முழு இரை தின்னும் பாம்புக்கு உணவிலிருந்தும் டி கிடைப்பதால் வெயில் கட்டாயமல்ல, ஆனால் அளவோடு கொடுத்தால் நல்லது. பால் பைத்தான் பெரும்பாலும் மறைவில் வாழ்வது, ஊர்வன இயல்பாக எவ்வளவு வெயில் காயும் என்பதை வைத்துப் பிரிக்கும் ஃபெர்குசன் வகைப்பாட்டில் முதல் மண்டலம். புற ஊதாவின் வலிமையைக் காட்டும் யூவி குறியீடு 0.7க்குள் போதும். கார்ன் ஸ்நேக்குக்கு 1 சுற்றி இருக்கலாம். இதை அளக்க சோலார்மீட்டர் 6.5 போன்ற கருவி உண்டு. கருவி இல்லையென்றால் காலையின் முதல் வெயிலும் மாலையின் கடைசி வெயிலும் மட்டும்.

இரை தின்று 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிரட்சியில் கக்கிவிடும். கண் வெளுத்துச் சட்டை உரிக்கப் போகும் நாட்களில் வெளியே எடுக்காதீர்கள். வலைக் கூண்டு மட்டுமே. கண்ணாடியோ பிளாஸ்டிக் பெட்டியோ கூடவே கூடாது. கூண்டில் பாதிக்கு மேல் நிழல், ஒரு பதுங்கிடம், தண்ணீர் இருக்கட்டும். நிழலில் காற்றின் சூடு 24 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பாம்பு படுக்கும் பரப்பை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். காற்று இதமாக இருக்கும்போதே கறுப்புக் கல் தொட முடியாத அளவு கொதிக்கும். 15, 20 நிமிடம் போதும், அந்த நேரம் முழுக்க நீங்கள் விலகக் கூடாது. நிறமி இல்லாத வெளிர் பாம்புகளுக்கு நேர் வெயிலே வேண்டாம், மெலனின் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி ஓடுவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, உடம்பு தளர்வது ஆகியவை சூடு மிஞ்சியதன் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டு போய் 25 டிகிரி சுமாரான தண்ணீரில் உடலை மட்டும் நனையுங்கள், தலையை மேலே தாங்கிப் பிடியுங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம். தெளிந்தது போலிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், உள்ளுறுப்பு பாதிப்பு பிறகுதான் தெரியும்.

வெயிலால் தீராத, தீர்க்க முயலவும் கூடாத நாற்றங்கள் சில இருக்கின்றன. வாயிலிருந்து அழுகல் வாடை வந்து, ஈறு சிவந்து பாலாடை போன்ற படிவம் தெரிந்தால் அது வாய்த்தொற்று. வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, கொப்புளித்து, அந்த இடம் நாறினால் செதில் அழுகல். ஈர அடிவிரிப்பில் நாள்கணக்கில் கிடந்ததால் வருவது. மூக்கில் குமிழும் மூச்சில் கரகரப்பும் இருந்தால் சுவாசத் தொற்று. எச்சம் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீராகவும் கடும் நாற்றமாகவும் தொடர்ந்து இரண்டு முறை வந்தால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். மீன் தின்னும் கார்ட்டர் பாம்பின் எச்சம் எலி தின்னும் பாம்பினுடையதை விட இயல்பாகவே கவிச்சி அடிக்கும், அதை நோயென்று குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் மூக்கு சில நிமிடத்தில் வாடைக்குப் பழகிவிடும் என்பதால், வெளியே போய் வந்து அறைக்குள் நுழையும் முதல் மூச்சில் முகர்ந்து பார்ப்பதே சரியான சோதனை.

ஒட்டுண்ணிப் பரிசோதனைக்கு எச்சம் கொண்டு போகும்போது அதை மட்டும் வெயிலில் காய விடாதீர்கள். உலர்ந்த எச்சத்தில் அசையும் நுண்ணுயிர்கள் செத்துப் போய் மருத்துவருக்கு அவை தெரியாமல் போகும். புதிதாக விழுந்ததை ஈரம் போகாமல் சிறு பையில் காற்றுப் புகாமல் மூடி, உடனே போக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள்.